ஒரு இழுப்பு

குந்துக்கால் ஜெட்டியின் ஒன்பதாம் தூணில்
கொட்டலசு சுரண்டுகிறான் சந்தியாகு.
அஞ்சு பாகம் ஆழம்.
மேலே வள்ளத்தில் நான்.
இடது கையில் அவன் கயிறு.
முழங்காலுக்குப் பக்கத்தில் டீசல் கம்ப்ரசர்,
காய்ச்சல் கண்ட நாய் மாதிரி நடுங்கிக்கொண்டு.

என் தங்கச்சி புருஷன்தான்.
சித்திரையிலிருந்து பேச்சில்லை.
இருவர் பணத்தில் வாங்கிய மோட்டாரை
என்னைக் கேட்காமல் சங்கத்தில் அடகு வைத்தான்.
கோயில் வாசலில் வைத்து நான் ஒரு வார்த்தை சொன்னேன்.
அதை இங்கே திரும்பச் சொல்ல மாட்டேன்.
ஒப்பந்தக்காரருக்கு இதெல்லாம் தெரியாது.
"ஒரே குடும்பம், ரொம்ப நல்லது" என்று
பேரேட்டில் சேர்த்தே எழுதிவிட்டார்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை
நான் கயிற்றை ஒருதரம் இழுக்க வேண்டும்:
நல்லாயிருக்கியா.
அவன் ஒருதரம் இழுக்க வேண்டும்:
நல்லாயிருக்கேன்.
ரோஷம் பார்க்க முடியாது, வேலை அப்படி.
மணிக்குப் பன்னிரண்டு தரம் அவன் நலம் விசாரிக்கிறேன்.
பெண்டாட்டியைக்கூட இப்படி விசாரித்ததில்லை.

இரண்டு இழுத்தால், குழாயைத் தளர்த்து.
மூன்று, மேலே வருகிறேன்.
நாலு நாலாக வந்தால் கேள்வி கேட்காமல் தூக்கு.
மோட்டாரை எப்போது மீட்பாய் என்று கேட்க
இழுப்பு ஏதும் இல்லை.

மஞ்சள் குழாய் நாற்பது மீட்டர்.
அதில் போவது காற்று மட்டும் என்றிருந்தேன்.
முதல் வாரம், கரையேறியவன்
என்னைப் பார்க்காமல் எஞ்சின் பையன் கெவினிடம் சொன்னான்:
"மேல யாரோ ஆரஞ்சு உரிச்சாங்க."
நான்தான்.
அன்றிலிருந்து வள்ளத்தில் பீடி கிடையாது.

இன்று பதினோரு மணிவரை கச்சான்.
புகைபோக்கி கிழக்கே. மூக்குக்குழாய் மேற்கே,
ஆளுயரக் கம்பில் கட்டியிருந்தது.
காற்று செத்தது.
பிறகு, சொல்லாமல் கொள்ளாமல், கொண்டல்.
என் சட்டை முதலில் திரும்பியது.
பிறகு புகை,
மறந்துவைத்த எதையோ எடுக்க வருவதுபோல
மூக்குக்குழாய்ப் பக்கம்.

ஒருதரம் இழுத்தேன்.
இன்னும் ஒருதரம்.
கயிற்றில் நீவாடு மட்டும் இழுத்தது.

எஞ்சினை அணைத்தேன்.
தொட்டியில் மூன்று நிமிடக் காற்று மிச்சம்.
அதில் எவ்வளவு புகை என்று முள் காட்டாது,
எவ்வளவு காற்று என்றுதான் காட்டும்.
ஏழு. ஆறரை.
கெவின் குழாயைச் சுருட்ட, நான் கயிற்றை,
கை தோல் உரிய,
அந்தோணியாரையும் அந்தக் கெட்ட வார்த்தையையும்
மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு.
நாலு.

விளிம்பில் தொங்கி வாந்தி எடுத்தான்.
மண்டை வெடிக்கிறது என்று
கெவினிடம்தான் சொன்னான்.
முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டே
வெகுநேரம் கிடந்தான்.
கயிற்றை அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை.

என் கையில் ஒருதரம் இழுத்தது.

இரண்டாம் தடவை கேட்கட்டும் என்று இருந்தேனா,
பதில் போட மறந்தேனா, தெரியவில்லை.
மறுபடி இழுத்தான், கொஞ்சம் கோபமாக.
ஒருதரம் இழுத்தேன்.

மோட்டார் இன்னும் சங்கத்தில்தான் கிடக்கிறது.
மூக்குக்குழாய்க்கு இன்னும் ஆறு முழம் வேண்டும் என்று
ஒப்பந்தக்காரரிடம் கேட்டிருக்கிறேன்.
வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்றார்.
கம்பு நுனியில் கெவின்
ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறான்.
இப்போது நாள் முழுக்க
அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.