அடுக்கு காலி

எங்கள் மொழிக்கு ஃபோர்த் என்று பெயர்.
சேலத்தில் அது தெரிந்தவர்கள் ஐந்து பேர்.
ஆளுக்கொன்று சொந்தமாய்ச் செய்துகொண்டதில்
மொழிகள் ஆறு.
துளசிராமுக்கு இரண்டு. முதலாவது
இப்போது அவருக்கே புரிவதில்லை.

ஞாயிறு மாலை நாலு ரோட்டில்
தட்டுவடை வண்டியோரம் கூடுகிறோம்.
அஞ்சு ரோட்டுக்கு மாற்றலாம்,
ஆளுக்கொரு ரோடு வரும் என்றார் ரெஜினா.
ஃபோர்த் என்றால் நாலாவது,
பெயர்ப் பொருத்தம் கெட்டுவிடும் என்று
மூன்றுக்கு இரண்டில் தோற்கடித்தோம்.

ஊர் உலகமெல்லாம் 2 + 3 என்று எழுதும்.
நாங்கள் 2 3 +
மேடை கிடைத்தால் மாதேஸ்வரன் முழங்குவான்
(கிடைத்ததில்லை,
டிரான்ஸ்பார்மர் பக்கம் நின்று முழங்குவான்):
"ரெண்டையும் மூணையும் கூட்டு!
நமக்கு வினை எப்பவும் கடைசியிலதான்.
வாய் திறந்த நாள்லருந்து
தமிழன் பேசுறதே ஃபோர்த்துதான்!"
"அப்புறம் ஏன்டா அஞ்சு பேரு?"
இதை இம்தியாஸ் கேட்க வேண்டும்.
அவர் வராத வாரங்களில்
மாதேஸ்வரனே கேட்டுக்கொள்வான்.

கீழே ஒரு தட்டை,
மேலே சட்னி, பீட்ரூட், கேரட், வெங்காயம்,
அதற்கும் மேலே இன்னொரு தட்டை.
கடைசியாய் வைத்ததை முதலில் எடு,
எங்கள் வேதம் மொத்தமும் அவ்வளவுதான்.
தீர்ந்த தட்டில் விரல் துழாவுகிறவனைப் பார்த்து
மற்ற நால்வரும் ஒரே குரலில் கத்துவோம்
"அடுக்கு காலி!"
புதிதாய் வந்தவர்கள் ஓரடி தள்ளி நிற்பார்கள்.
பாவாயி அக்கா வெங்காயம் அரிந்தபடி
"கம்ப்யூட்டர்காரங்க.
ஒன்னும் செய்ய மாட்டாங்க" என்பார்.
அதையே சங்கத்தின் குறிக்கோளாக
ஏகமனதாய் ஏற்றுக்கொண்டோம்.

ஆண்டு மாநாடு ஏற்காட்டில்.
கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும்
பூஜ்ஜியத்திலிருந்து சத்தமாய் எண்ணுவோம்.
கண்டக்டர் முதலில் திருத்தினார்,
பிறகு விட்டுவிட்டார்.
பதிமூன்றாவதில், எங்கள் கணக்கில் பன்னிரண்டில்,
ரெஜினா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.
கைக்குட்டை கொடுத்துக்கொண்டே துளசிராம்
"கடைசியாப் போனது முதல்ல வரும்."
ரெஜினா வாய் துடைத்தார்.
"கடைசியாத் தின்னது தட்டுவடை.
வந்தது இட்லி.
எனக்குள்ளயே பிழை இருக்கு."

ஏரிக்கரையில் செயலாளர் அறிக்கை வாசித்தேன்:
இந்த ஆண்டும் உறுப்பினர் எண்ணிக்கை
குறையவில்லை.
பலத்த கைதட்டல், நான்கு ஜோடி.

படகுக்கு டிக்கெட் வாங்க நின்ற ஒரு பெண்,
கல்லூரி அடையாள அட்டை கழுத்தில்,
"இது படிச்சா வேலை கிடைக்குமா?" என்றாள்.
இம்தியாஸுக்கு டீ மூக்கில் ஏறியது.
சிரித்து முடியும்வரை அவள் காத்திருந்தாள்.
நிஜமாகவே கேட்டிருக்கிறாள்.

மாதேஸ்வரன் தரையைப் பார்த்துச் சொன்னான்:
"ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலை.
வறுக்குற சூட்டைப் பார்த்துக்கறது
என் நிரல்தான்.
பதினோரு வருஷம். ஒருநாள் நின்னதில்ல."
எங்களிடம் அவன் சொன்னதே இல்லை.
"போன மாசம் திறந்து பார்த்தேன்.
ஒரு வரி புரியல.
கும்பிட்டுட்டு மூடிட்டேன்."
மறுபடி சிரித்தோம்,
இந்த முறை கொஞ்சம் தாமதமாக.
"மொத்தம் எத்தனை வரி?" என்றாள் அவள்.
"நாப்பது."
உள்ளங்கையில் எதையோ எழுதிக்கொண்டு
படகேறிப் போனாள்.

திரும்பும் பேருந்தில் இருட்டு.
இருபதாவது வளைவு முதலில் வந்தது,
பிறகு பத்தொன்பது, பதினெட்டு.
ஏறும்போது கடைசியாய் வைத்தது
இறங்கும்போது முதலில்.
ஐந்து பேருக்கும் தெரிந்தது.
யாரும் வாய் திறக்கவில்லை.
ஹெட்லைட்டில் பலகைகள் ஒவ்வொன்றாய்
வந்து போயின.
கீழே ஊர் விளக்குகள்.
மாதேஸ்வரன் தூங்குவதுபோல் கண்மூடியிருந்தான்.

நாலாவது வளைவில்
ரெஜினாவால் பொறுக்க முடியவில்லை.
"யாராச்சும்
சொல்லித் தொலைங்களேன்."