திருத்தக் கோடு

சஸ்காட்சுவானின் இந்தச் சாலையில்
நாற்பது மைலுக்கு ஸ்டியரிங்கைத் தொட வேண்டியதில்லை.
கனோலா வயல், மறுபடி கனோலா வயல்,
பெயர் உதிர்ந்த ஒரு தானியக் கிடங்கு.

பிறகு
சொல்லாமல் கொள்ளாமல் இடப்பக்கம் ஒடிகிறது,
முந்நூறு அடி போய்
வடக்கே திரும்பிக்கொள்கிறது
ஒன்றும் நடக்காததுபோல்.

உருண்டை நிலத்தைச்
சதுரம் சதுரமாய் அளந்தவர்கள்
கணக்கில் இடித்ததை
இங்கே மடித்து வைத்துப் போனார்கள்.

பனிக்காலத்தில் மாதம் ஒருவராவது
நேராகவே போய்விடுகிறார்கள்,
ஓரெஸ்ட் ஹ்னாட்யுக்கின் வேலிக்குள்.
டிராக்டரில் சங்கிலி கோத்தபடியே கிடக்கும்.
நேற்று இழுத்தது
நெடுஞ்சாலைத் துறையின் பனிவாரும் வண்டியை.

ஓட்டிவந்தவள் மன்னிப்புக் கேட்டாள்.
"பூமி உருண்டைதான்,
எனக்கு யாரும் நிரூபிக்க வேண்டாம்" என்றார்
கம்பியை முறுக்கிக்கொண்டே.

மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டாள்.