தாளடி

நீடாமங்கலம் கேட் போட்டுவிட்டார்கள்.
நெல் ஏற்றிய கூட்ஸ், நாற்பத்திரண்டு பெட்டி.
வேதரத்தினம் எண்ணி முடிப்பதற்குள்
மன்னார்குடியில் படம் போட்டிருப்பான்.

போகட்டும்.
முதல் பத்து நிமிடத்தில் என்ன இருக்கப்போகிறது,
பழைய கதையைச் சொல்வார்கள்.
எனக்கு வேண்டியதே அந்தப் பழைய கதைதான்
என்று அவனிடம் சொல்லவில்லை.

ஆறு வருடம் முன்பு தஞ்சாவூரில்
ஒரு கல்யாண மண்டபத்துக்குள் ரிங் கட்டி
முதல் பாகம் எடுத்தார்கள்.
எனக்கு எண்ணூறு ரூபாய், ஒரு புரோட்டா பொட்டலம்,
யாரோ போட்டுக் கழற்றிய சிவப்பு டவுசர்.
மூன்றாவது குத்தில் விழ வேண்டும்.
விழுந்தேன்.
அதற்கு முன்னால் என் இடது கை
ஒத்திகையை மறந்து
அவன் தாடையில் போய் உட்கார்ந்துவிட்டது.
மாவட்ட அளவில் வெள்ளி வாங்கிய கை,
அதற்கு நடிக்கத் தெரியாது.

அரை நொடி.
வட்டிக்காரன் வாசலில் வந்து நின்றதுபோல்
அவன் கண்ணில் ஒரு முழிப்பு.
இயக்குநர் வெட்டவில்லை.
ஊர் ஊராய்க் கைதட்டினார்கள் அந்த முழிப்புக்கு.
இவனுக்கும் வலிக்கும் என்று தெரிந்த பிறகுதான்
இவன் ஜெயிக்கட்டும் என்று நினைத்தார்கள்.

இந்தத் தீபாவளிக்கு அவனுக்கு
வெளிநாட்டுக் கோச்.
ஐஸ் கொட்டிய தொட்டியில் குளிக்கிறான்.
எதிரி ஏழடி, ஆனாலும் யாருக்கும் பயமில்லை.
முன் வரிசைப் பையன்கள் போனைப் பார்க்கிறார்கள்.
வேர்வையைக்கூட அளந்து தெளித்திருக்கிறார்கள்,
ஈரப்பதம் பதினேழைத் தாண்டாமல்.

இடைவேளையில் வேதரத்தினம் கேட்டான்:
"நீ எப்ப வருவே?"
"வருவேன்" என்றேன்.
முறுக்கு நமுத்திருந்தது.

வந்தேன்.
கறுப்பு வெள்ளையில், மெதுவாக, வயலின் இழுக்க,
அவன் நினைவுக்குள் விழுந்தேன்.
அப்போதைவிட அழகாகத்தான் விழுகிறேன்,
எச்சில் துளி ஒவ்வொன்றும் தெரிகிறது.
இடது கைதான் இல்லை.
அது எழும்பும் முன்னே வெட்டியிருக்கிறார்கள்.
அடியே வாங்காதவன்
எதை நினைத்து அழுகிறான் திரையில்?

வேதரத்தினம் எனக்காக விசிலடித்தான்.
நாலு பேர் திரும்பி
அவனைப் பார்த்தார்கள்.

"என்ன, முதல் பாகம் அளவுக்கு இருக்கா?"
வண்டியை எடுக்கும்போது கேட்டான்.

குறுவை அறுத்த வயலில்தான் தாளடி நடுகிறோம்.
நின்ற தாளை மிதித்துச் சேற்றுக்குள் அமுக்கி
அதன்மேல்தான் நாற்று.
இவன்கள் தாளைப் பிடுங்கி வரப்பில் எறிந்துவிட்டு
நட்டிருக்கிறான்கள்.

"பரவாயில்லை" என்றேன்.

வடக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது.
கொள்முதல் நிலையத்தில் தார்ப்பாய் போடாமல்
ஆயிரத்துச் சொச்சம் சிப்பம் கிடக்கிறது.
பாதி வழியில் தையல்நாயகி போன்.
"காட்டுனானா?"
"காட்டுனான்."
"நீ குத்துறது?"

மழை பிடித்துக்கொண்டது.
சரியாகக் கேட்கவில்லை என்றேன்.