இடப்பக்கம்

கழுத்துக் கழலையை எடுத்த அன்று
இடது குரல்நாண் அசைவை விட்டுவிட்டது.
ஒற்றைக் கதவு சாத்தாத வண்டி;
காற்று டிக்கெட் எடுக்காமல் இறங்கிப் போகிறது.

ஹைகிரவுண்டில் பியூலா டீச்சர்
ஸ்டாப்வாட்சை அமுக்கினாள்.
ஆ சொல்லுங்க அண்ணாச்சி.
நாலு விநாடி.

சுவரைத் தள்ளிக்கொண்டு சொன்னேன்: ஆறு.
ராத்திரி முழுக்கத் தொண்டையில்
ஆத்து மணல்.
தம்ளர்த் தண்ணீரில் குழல் விட்டு
ஊ என்று ஊதினேன்: எட்டு.
வலிக்கவில்லை. குமிழிகள்தான் பேசின.
வாய் மூடி முனகினேன்.
வண்டு மாதிரி வரணும் என்றாள்,
வந்தது பழைய கியர்பாக்ஸ். ஐந்தரை.

டிரிப் ஷீட்டின் பின்பக்கம் எல்லாம் குறித்து
எது நல்லது என்று
எழுதிக் காட்டினேன்.
ஆளுக்கு ஆள் மாறும், என்றாள்.
ஆறு வாரம் எழுதிக்கிட்டே வாங்க.

அதுவரை பாபநாசம் வண்டியில்
விசில்தான் நான்.
சேரன்மாதேவியும் வீரவநல்லூரும் கல்லிடையும்
அதற்கு ஒரே ஊர்.
முக்கூடல் போகிற கிழவர் ஒருத்தர்
என்னை ஊமை என்று நினைத்து
கையால் பாக்கிச் சில்லறை கேட்டார்.

முகத்தை இடப்பக்கம் திருப்பிச் சொல்லச் சொன்னது
நேற்றுத்தான்.
பன்னிரண்டு!
நிமிர்ந்தேன், போய்விட்டது.
திருப்பினேன், வந்தது.

வீட்டில் கண்ணாடி முன்னால்
சுவரைப் பார்த்து
ஊர் ஊராய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சோறு போட்டதும்
பேச்சி எதிரே உட்காரவில்லை.
தட்டைத் தூக்கிக்கொண்டு
என் இடது தோளுக்குப் பக்கத்தில் வந்தாள்.

உப்பு, என்றேன்.

கேக்கு, என்றாள்.