வரிக்கு நான்கு டாலர்

ஹான்காக் நகரத்தில் பிப்ரவரி.
சன்னலில் பாதிவரை பனி.
இரங்கல் பக்கத்தை நான்கு மணிக்குள் மூடியாக வேண்டும்.
கடைசியாக வந்தது லெம்பி கெட்டுனென் எழுதியது,
மளிகை ரசீதின் பின்புறம், பென்சிலில்.

அர்வோவுக்குப் பிடித்தவை என்று தொடங்கியிருந்தாள்:
மீன்பிடித்தல்,
ரேடியோக்களைப் பழுதுபார்க்க,
நான் அடுப்படியில் பாட்டு முணுமுணுத்தால்.

இருபத்தாறு வருஷமாக இதுதான் என் பிழைப்பு.
ஆங்கிலத்தில் பட்டியல் போட ஆரம்பித்தால்
முதல் சொல் எந்தச் சட்டையில் வந்ததோ
பின்னால் வருபவையும் அதே சட்டையில் வரவேண்டும்.
ஒன்று 'இங்' என்று முடிந்தால் எல்லாம் 'இங்'.
நடுவில் ஒரு 'டு' தலைநீட்டினால்
முக்காலியில் ஒரு கால் குட்டை.
படிப்பவர் சாய்வார்,
ஏன் சாய்ந்தோம் என்று அவருக்கே தெரியாது.
கல்யாணச் செய்தி, கவுன்சில் தீர்மானம்,
தேவாலயத்து வெள்ளிக்கிழமை மீன்விருந்து,
எத்தனை கால்களை இழைத்திருக்கிறேன்!

இதையும் இழைத்தேன்.
மீன்பிடிப்பது, ரேடியோ பழுதுபார்ப்பது,
மனைவி முணுமுணுப்பதைக் கேட்பது.
ஒரு வரி மிச்சம்,
அவளுக்கு நான்கு டாலர் லாபம்.

படித்துக்காட்டத் தொலைபேசியில் அழைத்தேன்.
மறுமுனையில் கெட்டில் கூவி ஓய்ந்தது.

கேட்பதா? என்றாள்.
அவருக்குக் காது போய்ப் பதினோரு வருஷம் ஆச்சே.
ரேடியோவை முடுக்கி மூடி என்னிடம்தான் நீட்டுவார்,
பாடுகிறதா பார் என்று.
நான் முணுமுணுத்தால்
என் தொண்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.
உருளைக்கிழங்கு வேகும்வரை.
அதற்கு என்ன வார்த்தையோ,
நீங்களே ஒன்று போடுங்கள்.

'பார்ப்பது' என்று தட்டினேன். அழித்தேன்.
'ரசிப்பது' என்று தட்டி
கூச்சமாக இருந்தது.
மணி மூன்று ஐம்பத்திரண்டு.
மீன் பிடித்தவர் அவர், ரேடியோ திறந்தவர் அவர்.
மூன்றாவதில் வேலை செய்தவள் இவள்;
அவர் சும்மா இருந்தார்.
சும்மா இருப்பவனுக்கு எந்த அளவில் சட்டை தைப்பது?

அவள் எழுதியபடியே அச்சுக்குப் போனது.
கூடுதல் வரிக்கும் பில் போட்டேன்,
மறுபேச்சில்லாமல் செக் வந்தது.

செவ்வாயன்று ஒரு கடிதம்.
உயர்நிலைப் பள்ளியில் முப்பது வருஷம்
இலக்கணம் நடத்தி ஓய்ந்த கிளாரன்ஸ் போட்ரி
அந்தப் பத்தியைக் கத்தரித்து ஒட்டி
சிவப்பு மையில் சுழித்திருந்தார்.
ஓரத்தில் 'இணையமைப்பு எங்கே',
பக்கத்தில் இரண்டு ஆச்சரியக்குறி.

அவர் சொல்வது சரிதான்.
பதில் போடவில்லை.
கடிதம் என் இழுப்பறையில் கிடக்கிறது,
கூடவே லெம்பியின் ரசீதும்.
திருப்பினால், கடைக்காரனின் இயந்திரம் அடித்த பட்டியல்:
பால், ரை ரொட்டி, பேட்டரி நான்கு.

எல்லாம் பெயர்ச்சொல்.