மூக்குக் கடன்

ரைன் பக்கமிருந்து ஏறிய மூடுபனி
பெர்கைம் மாதா கோயில் கோபுரத்தின் இடுப்புவரை நின்றது.
ஓடில் ஒரு குலையை அறுத்து என் உள்ளங்கையில் வைத்து
"சொல்" என்றாள்.

பிப்ரவரிக் காய்ச்சல் அவளிடமிருந்து
மூக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தது.
இனிப்பு தெரியும், புளிப்பு தெரியும்,
கடைசியில் வரும் கசப்புகூடத் தெரியும்.
காப்பி மட்டும் சுடுதண்ணீர்.
நாற்பத்தைந்து வருடம் மூக்கால் பிழைத்தவள்
ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை.
பழம் பறிக்க வந்த என்னிடம் சொன்னாள்.
பறித்து முடிந்ததும் போய்விடுகிறவள்தானே நான்.

வெள்ளை ஒயினுக்கான பழம். தோல் வெள்ளையில்லை,
குளிரில் தேய்த்துக் கழுவிய முழங்கால் நிறம்.
கெவூர்ஸ்ட்ராமினர்.
ஆற்றுக்கு அந்தக் கரையில் எழுதினால்
பெயரின் தலையில் இரண்டு புள்ளி.
இந்தக் கரையில் கழற்றிவிட்டார்கள்.
என் மொழியில் புள்ளி இட்டால்தான் எழுத்து மெய்.
இங்கே எது மெய் என்று நான் கேட்கவில்லை.
அவள் மாமனார் ஒரே வீட்டில் பிறந்து
அதே வீட்டில் செத்து
நடுவில் மூன்று முறை தேசம் மாறியவர்.
கம்பத்துக் கொடி மாறிக்கொண்டே இருந்தது.
தோட்டத்துக் கொடி
யாரையும் கேட்காமல் காய்த்தது.

"ரோஜா" என்றேன்.
"அது புத்தகத்தில் இருக்கிறது."
"லிச்சி."
"அதுவும்தான். நீ சொல்."

கண்ணை மூடினேன். காதருகே ஒரு குளவி.
லாச்சப்பலில் நான் புருவம் திருத்திய கடை.
இரவு ஏழு மணி, கடைசிப் பெண் எழுந்துபோன நாற்காலி,
கழுத்துத் துண்டில் பன்னீரும் அவள் வியர்வையும்.
அடுத்த கடையில் யாரோ இஞ்சி நசுக்குகிறார்கள்.

அவள் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.
"நடுவில் இருக்கிற சுவர் எவ்வளவு தடிப்பு?" என்று கேட்டாள்.
மெல்லிய அட்டைச் சுவர், என்றேன்.
"எது முந்துகிறது?"
இஞ்சி.
"அப்படியென்றால் பன்னீர் வரட்டும். நாலு நாள்."

கருவி காட்டிய சர்க்கரை எண் போதும் என்றது.
வானிலை செவ்வாய்க்கிழமை மழை என்றது.
போலந்துப் பையன்கள் வாளிகளைக் கவிழ்த்து
அதன்மேல் உட்கார்ந்து
அவர்கள் மொழியில் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார்கள்.
நாலு நாள் கூலி.

இரவு, கொட்டகை மாடியில்,
போர்வையை இழுக்கும்போதுதான் மணந்தது
என் கை.
காலையில் எல்லோருக்கும் தேநீர் போட்டது நான்.
இஞ்சி தட்டியது நான்.

குலையில் இருந்ததா, விரலில் இருந்ததா?
ஒரு மலைச்சரிவு முழுக்க
என் நகக்கண்ணை நம்பித் தொங்குகிறது.

சோப்புப் போட்டேன். மறுபடி போட்டேன்.
பிறகு அந்தச் சோப்பு வாசனை போகச் சாம்பலில் தேய்த்தேன்.
மழை இன்னும் தொடங்கவில்லை.
விடியுமுன் மூன்றாவது வரிசைக்கு ஏறினால்
அங்கே ஏற்கெனவே ஒரு டார்ச் வெளிச்சம்.

இலைகளை விலக்கி, குலைக்குள் முகத்தை அழுத்தி,
நீரில் மூழ்கியவள் மேலே வருவதுபோல்
மூச்சு இழுக்கிறாள் ஓடில்.
இன்னொரு முறை.
இன்னொரு குலை.

நான் இருமவில்லை.
கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.