வாட்டம்

இரவு ஷிப்ட் முடிந்து வந்ததும்
முதலில் கை கழுவணும், நகத்துக்குள்ளும்.
தேயிலைத் தூள் ஒரு துகள் போதும்,
வெளிர் துணியில் ஊர் பார்க்கும்.

ஐந்து மணி.
லயத்தில் மற்றப் பதினொரு காம்பராவும்
கேத்தல் போடுவதற்கு முன்
அழுத்தியைச் செருகிவிட வேண்டும்.
பிந்தினால் பல்ப் மஞ்சளாகும்,
சூடு பாதி வழியில் நின்று யோசிக்கும்.

லோஜினி டீச்சராகி எட்டு மாசம்.
சேலை பரவாயில்லை,
முழுநீளத்துக்கும் ஒரே குணம்,
நாலாய் மடித்தால் வழிக்கு வந்துவிடும்.
ஜாக்கெட் அப்படி இல்லை.
ஒரு மீட்டர்கூட இல்லாத துணி,
அதில் நேராய் ஒரு சாண் இடம் கிடையாது.
பொகவந்தலாவை டெய்லர்
பிடித்த பிடிப்பெல்லாம் என் தலையில்.

இழுத்துத் தேய்த்தால் கோணும்.
வைத்து, அமர்த்தி, எடுக்கணும்.
உள்பக்கம் முதலில்.
கொக்கி இருக்கும் பட்டியைத் துவாய்மேல் கவிழ்த்து.
மார்புப் பக்கத்துக்கு
இன்னொரு துவாயைப் பந்தாய்ச் சுருட்டி உள்ளே.
கைக்கு, பழைய சாரத் துண்டு சுற்றிய
சாராயப் போத்தல்.
காலிப் போத்தல்தான்.
அப்பன் விட்டுப்போன ஒரே சொத்து,
ஒரு வேலைக்காவது ஆகட்டும்.

ஒரு கிழமையாய் மழை.
அடுப்புக்கு மேல் கொடியில் காய்ந்தது
காய்ந்த மாதிரி நடிக்கும்,
அக்குள் தையலில் ஈரம் பதுங்கியிருக்கும்.
இது எனக்குத் தெரிந்த வேலை.
பெக்டரி மாடியில் ஒரு பிடி கொழுந்தை அள்ளி
இறுக்கி விடுவோம்.
துள்ளி விரிந்தால் பச்சை.
நொறுங்கினால் போச்சு.
மெல்ல, மனசில்லாமல் விரிந்தால்
சரியான வாட்டம்.
ஜாக்கெட் கையையும் அப்படித்தான்
பிடித்து விட்டுப் பார்க்கிறேன்.
டீமேக்கர் ஐயா கண்டால் சிரிப்பார்.

"என்னா டோபி, இன்னைக்கி என்னா கலரு?"
பீலிக்குப் போகிற வழியில் கிருபாகரன்.
"பச்சை" என்கிறேன்.
கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டால்
அவனுக்கு அடுத்த கேள்வி வராது.

போன செவ்வாய் நீலத்தைச் சுட்டேன்.
வெளியே பருத்தி, உள்ளே பொலியெஸ்டர் லைனிங்.
ஒன்று அடிக்குத்தான் படியும்,
மற்றது ஒரு சொல்லுக்கே சுருங்கும்.
இரண்டையும் சேர்த்துத் தைத்தவனைச் சொல்லணும்.
நின்ற கரண்ட் நினைக்காத நேரம் வந்தது.
வலது கையில், முழங்கைக்கு மேலே,
அழுத்தி மூக்கின் அளவில் ஒரு பழுப்பு.
அந்த வாசனைக்கே அவள் எழும்பிவிட்டாள்.

முந்தானை இடது தோளில்.
வலது கைக்கு மறைப்பு எதுவும் இல்லை.
மற்ற ஜாக்கெட்டெல்லாம் ஈரம்.
பஸ் ஆறு நாற்பதுக்கு.
அவள் ஒன்றும் சொல்லவில்லை,
சொல்லாததையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு
பஸ் ஏறினாள்.

அந்திக்கு,
சேலை ஊசிகளை ஒவ்வொன்றாய் வாயில் கவ்வியபடி
சொன்னாள்:
நாலாம் ஆண்டில் கேதீசன் எழும்பி
"டீச்சர், கையில என்னா அது?" என்றானாம்.
இவள் கையை வகுப்புக்கு முன்னால் நீட்டி,
"நீங்களே சொல்லுங்க, இது என்ன வடிவம்?"
பாதிப் பேர் முக்கோணம்.
மீதிப் பேர் அயன் பொட்டி.
"அதுக்கும் ஒரு மார்க் போட்டேன்."
"யாரு சுட்டதுன்னு கேக்கலையா?"
"கேட்டாங்க."
"நீ என்னா சொன்ன?"
ஊசிகளை டப்பாவில் போட்டு மூடினாள்.
புதன்கிழமை ஜாக்கெட்டை
என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

இன்று பச்சை.
பின்கழுத்தில் நாடா, நுனியில் இரண்டு குஞ்சம்.
பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க
குஞ்சம் எதற்கு என்று கேட்டதில்லை.
அவள் நடக்கும்போது அது ஆடுவதைப்
பஸ் திரும்பும் வரை நின்று பார்ப்பேன்.
ஒதுக்கி வைத்து, ஈரத்துணி போட்டு,
அமர்த்தி, எடுக்கிறேன்.

பல்ப் மஞ்சளாகிவிட்டது.
பக்கத்துக் காம்பராக்களில் கேத்தல்.
இடது அக்குளில்
இன்னும் கொஞ்சம் ஈரம்.
உள்ளே அவள் தலை வாரும் சத்தம்.

வாயை வைத்து
ஊதிக்கொண்டிருக்கிறேன்.